எச்சில் காய்ச்சல்

சொர்ணலட்சுமி வீட்டில் தண்ணீர் குடிப்பதே ஒரு பரீட்சை. டம்ளர் உதட்டில் பட்டுவிடக் கூடாது. அண்ணாந்து, தொண்டைக்குள் நேராக ஊற்றிக்கொள்ள வேண்டும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் அந்த டம்ளர் பின்கட்டுக்குப் போய், புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் முங்கி எழுந்த பிறகுதான் அடுக்களைக்குள் திரும்ப வரும். ஊரில் அவளுக்கு 'எச்சில் சொர்ணம்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் யாரும் கிடையாது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமாகி வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை சுகிர்தா. கைக்குழந்தையைக் கொஞ்ச வந்த சொந்தக்காரிகளை எல்லாம், கன்னத்தில் வாய் வைத்துவிடுவார்களோ என்று பயந்து, தொட்டிலுக்கு நாலடி தள்ளியே நிறுத்தி அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் போனபோது டிபன் தனி, தண்ணீர் தனி, காக்காக்கடி மிட்டாய் கூடவே கூடாது. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் கபடி விளையாடப் போய் நின்றதுதான் வேடிக்கை. அதுவும் சாதாரண விளையாட்டா? எதிராளி கோட்டுக்குள் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள்.

அப்பா இராமகிருஷ்ணனுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. நாரணாபுரம் ரோட்டில் அவருக்கு ஆஃப்செட் பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் பிரதான வேலை. மகள் கோப்பை வாங்குகிற போட்டோவைப் பெரிதாக அடித்து, பிரஸ் வாசலில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். நல்ல மனுஷர்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவருடைய தங்கச்சி, பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒருவனோடு போய்விட்டாள். அன்றைக்கே உயிரோடு இருக்கிறவளுக்குத் தலைமுழுகிவிட்டு வந்தவர், அதன் பிறகு அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. வீட்டில் யாரையும் எடுக்க விட்டதுமில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. சுகிர்தாவுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். உள்ளூர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தடித்துப் போயிற்று. கழுத்தின் இரண்டு பக்கமும் வீங்கிப் பிள்ளையின் முகமே வேறாகிவிட்டது. பயந்துபோன சொர்ணலட்சுமி, விருதுநகரில் புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. இது எச்சில்ல பரவுற வைரஸ் காய்ச்சல். வெளிநாட்டுல இதுக்கு முத்தக் காய்ச்சல்னே பேரு. காலேஜ் பசங்களுக்குத்தான் அதிகமா வரும்," என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கவும் செய்தார். நம்ம ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தவழுகிற வயதிலேயே வந்து போய்விடுமாம். ஒரே டம்ளர், ஒருத்தர் கடித்த மிட்டாயை இன்னொருத்தர் கடிப்பது, பெற்றவள் மென்று ஊட்டுவது, இதிலேயே தொற்றி, காய்ச்சல் என்றுகூடத் தெரியாமல் ஆறிவிடுமாம். உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுமாம், அப்புறம் ஆயுசுக்கும் தொந்தரவு கிடையாதாம். ரொம்பச் சுத்தபத்தமாக வளர்க்கிற வீட்டில்தான், சின்னதில் வராமல் இருந்துவிட்டு, பதினைந்து பதினாறு வயதில் வந்து பிள்ளையைப் போட்டுப் பார்க்குமாம். எதை எதையெல்லாம் பிள்ளைக்கு நல்லது என்று இத்தனை வருஷம் செய்தாளோ, அதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கடைசியில்தான் முக்கியமானதைச் சொன்னார். "மண்ணீரல் வீங்கியிருக்கு. இடது பக்க விலாவுக்குக் கீழ. பழுத்த தக்காளி மாதிரி இருக்கும் இப்போ. வீக்கம் வெளியில வத்தினாலும் உள்ள வத்த நாளாகும். ரெண்டு மாசத்துக்கு ஓட்டம், விளையாட்டு எதுவும் வேண்டாம். வயித்துல ஒரு அடி பட்டா உள்ளேயே கிழிஞ்சு ரத்தம் போயிடும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்."

அடி பட்டால் உயிர் போய்விடும் என்ற சொல் சொர்ணலட்சுமியின் காதில் விழத்தான் செய்தது. முத்தம் என்ற சொல் மண்டைக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு தாய்க்கு எது பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும்? கேட்கிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிடலாம். பெண் பிள்ளையைப் பெற்று, அந்த மாதிரி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் தெரியும்.

சிவகாசிக்குத் திரும்புகிற பஸ்ஸில் திருத்தங்கல் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல், யாருடைய எச்சில் உன்மேல் பட்டது என்று காதோடு கேட்டாள். ஜன்னலில் சாய்ந்து கிடந்த பிள்ளை பாதித் தூக்கத்தில், அப்சானாவுக்கு லீவில் இதே மாதிரி வந்தது, அவள் அண்ணனுக்கும் வந்ததாம் என்றது. அவ்வளவுதான். அப்சானா, சுகிர்தாவின் உயிர்த்தோழி. முகம்மது நூகு என்கிற காகித வியாபாரியின் மகள். இராமகிருஷ்ணனின் பிரஸ்ஸுக்குக் காகிதம் வருவதே அந்தக் கடையிலிருந்துதான். இரண்டு வீட்டிலும் நோன்புக் கஞ்சியும் பொங்கலும் போய்வருகிற பழக்கம் உண்டு. அவளுடைய அண்ணன் ரய்யான், தங்கச்சியை ஸ்கூலில் பைக்கில் கொண்டுவந்து விடுகிறவன். நல்ல உயரம், நல்ல நிறம், எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். சொர்ணலட்சுமிக்கு மிச்சக் கதையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே காது மூக்கு வைத்துக்கொண்டாள். பஸ் சிவகாசிக்குள் நுழைவதற்குள் அந்தப் பையனையும் தன் பிள்ளையையும் எங்கெங்கோ நிறுத்திப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று இராமகிருஷ்ணன் கேட்டார்.

"பொன்னுக்கு வீங்கி," என்றாள்.

எப்படித்தான் அந்த வார்த்தை வந்து விழுந்ததோ! சொன்ன கையோடு தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள். பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும், வீக்கம் தானாக வற்றும் என்பது அந்த ஊரில் குஞ்சு குளுவானுக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. இராமகிருஷ்ணனும் கேட்கவில்லை. அவருக்கு அடுத்த நாள் லேபிள் லோடு போக வேண்டியிருந்தது.

பிள்ளையிடமாவது சொன்னாளா? இல்லை. விளையாடக் கூடாது என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்டால், சொன்னால் கேள் என்றாள். உண்மையைச் சொன்னால் அது என்ன நோய் என்று கேட்பாள், கேட்டால் அப்சானாவிடம் சொல்வாள், அங்கிருந்து அந்தப் பையனுக்குப் போகும், பையனிடமிருந்து ஊருக்குப் போகும். இப்படியே யோசித்து யோசித்து வாயை மூடிக்கொண்டாள். மண்ணீரல் என்கிற ஒரு சொல்லை மட்டுமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்கு ஊசி போகிற அளவுக்கு இடம் இருந்தது. ஆனால் பயம் வந்துவிட்டால் மனுஷர்களுக்கு இந்த மாதிரி இடமெல்லாம் கண்ணில் படுவதில்லை.

அப்சானா பார்க்க வந்தாள். ஒட்டுகிற நோய், பார்க்கக் கூடாது என்று சொர்ணலட்சுமி கேட்டிலேயே திருப்பி அனுப்பினாள். அவளுடைய உம்மா அக்தர் பேகம் போன் பண்ணி, எங்கள் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தது, மதுரையில் காட்டினோம், ரொம்ப நாள் அலையவிடக் கூடாது என்றார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். இவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. அது வேறு, இது பொன்னுக்கு வீங்கி அக்கா என்று சொல்லி போனை வைத்தாள்.

வீக்கம் வற்றியது. சோறு இறங்கியது. முகம் பழையபடி ஆயிற்று. பொன் வேலை செய்துவிட்டது என்று இராமகிருஷ்ணன் சொன்னதும், ஆமாம் என்று இவளும் தலையாட்டினாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது. ஆனால் சாயங்காலம் மைதானம் கிடையாது, மணி அடித்ததும் வீடு. சுகிர்தா அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள், இரண்டு நாள் அம்மாவோடு பேசாமலும் இருந்து பார்த்தாள். சொர்ணலட்சுமி அசையவில்லை. ராத்திரி பிள்ளை தூங்கும்போது மட்டும் பக்கத்தில் போய், இடது விலாவுக்குக் கீழே கையை வைக்கப் போய், வைக்கப் பயந்து, எடுத்துக்கொண்டு வருவாள். அவள் பாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது. எழவெடுத்த வாய்தான் திறக்கவில்லை.

காய்ச்சல் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ஒரு சனிக்கிழமை திருத்தங்கலில் சடங்கு வீடு. காலையிலேயே போய்விட்டு மத்தியானம் வந்தாள். இராமகிருஷ்ணன் சாப்பிட வந்திருந்தார். கை கழுவப் போகும்போது சட்டைப் பையிலிருந்து சங்கிலியை எடுத்து டிவி மேல் வைத்தார்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?" என்றாள்.

"பாப்பாதான் கழட்டிக் குடுத்தா. கபடில நகை போடக் கூடாதாம்லா."

"என்ன கபடி?"

"சாத்தூர்ல மேட்ச்சு. நீ விட மாட்டேங்கேன்னு எங்கிட்ட வந்து அம்புட்டு அழுக. நாந்தான் போயிட்டு வான்னு ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டேன். வீக்கம் வத்தி எம்புட்டு நாளாச்சு? நீ சும்மா பிள்ளையப் போட்டுப் பூட்டி வச்சிருக்க."

சொர்ணலட்சுமி வாசலுக்கு வந்துவிட்டாள். வண்டியை எடுங்க என்றாள். எதற்கு என்று கேட்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். தங்கச்சிக்குத் தலைமுழுகிவிட்டு ஈரத் துண்டோடு வாசலில் வந்து நின்ற முகம் நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு இன்றைக்கு வீட்டுக்கு விலக்கு, இந்த நேரத்தில் ஓடக் கூடாது என்று ஒரு பொய்யைச் சொன்னாள். அவர் கூச்சப்பட்டு, அதற்கு டீச்சர் இருக்கிறாரே என்று முனகினார். இவள் அழுத அழுகையில், என்ன ஏது என்று புரியாமலேயே லேபிள் ஏற்றுகிற மாருதி வேனை எடுத்தார். டீச்சரின் செல்லுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது.

சாத்தூர் ரோட்டில் பட்டாசு லோடு லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு போயின. இராமகிருஷ்ணனின் செல்லுக்கு ஆர்டர் கேட்டு ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மனசுக்குள் ஒரு பேரம் பேசினாள். மாரியாத்தா, வயிற்றில் அடி பட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். படவில்லை என்றால் எதற்குச் சொல்ல வேண்டும்? எதற்காக ஒரு குடும்பத்தைக் கலைக்க வேண்டும்? இந்தப் பேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

போய்ச் சேரும்போது ஆட்டம் முடிந்திருந்தது. பிள்ளைகள் ஜெயித்திருந்தார்கள். மைதானத்து ஓரம் வேப்பமர நிழலில் டீம் முழுக்கப் புழுதியோடு உட்கார்ந்திருந்தது. நடுவில் சுகிர்தா. ஒரே ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் கை மாறி, வாய் மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவளிடம் நீட்டினாள். அப்சானா குடித்துவிட்டுச் சுகிர்தாவிடம் கொடுக்க, அண்ணாந்து குடிக்கப் பழகிய பிள்ளை, உதட்டை நன்றாக வைத்து மடக் மடக்கென்று குடித்தது. ஏதோ பலநாள் பழக்கம் மாதிரி.

சொர்ணலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். இதுதானா? இவ்வளவுதானா? ஐயோ, இதற்கா அந்தப் பையனைப் பிடித்து மனசுக்குள் அத்தனை நாள் வைத்துப் பொசுக்கினேன்! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அம்மாவைப் பார்த்ததும் சுகிர்தாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியும் கோட்டைத் தொட்டுவிட்டாள் என்று அப்சானா பெருமையாகச் சொன்னாள். சொர்ணலட்சுமி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"வயித்துல எங்கயும் அடி பட்டுச்சா? உண்மையச் சொல்லு. அம்மா திட்ட மாட்டேன்."

"இல்லம்மா. தோள்பட்டதான் வலிக்கி. இந்தப் பக்கம்."

இடது தோள். டீச்சர் அதில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். லேசான பிசகு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். சொர்ணலட்சுமி பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தாள், தோளில் காயம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு சிராய்ப்பும் இல்லை. வயிற்றில் படவில்லை, பையனும் இல்லை. அந்த மாதத்தில் முதல் தடவையாக அவள் மூச்சு ஒழுங்காக வந்தது. சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். அதைத்தான் நினைத்தாள், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

தோள்தானே என்று மூன்று பேருமாக வேனில் கிளம்பினார்கள். இராமகிருஷ்ணன் மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஜெயித்துவிட்டு வருகிற மகளுக்காகச் சேவு வாங்கப் போனார். கடையில் கூட்டம். சுடச்சுட அடுப்பிலிருந்து எடுத்ததுதான் வேண்டும் என்று நின்று வாங்கிக்கொண்டு வந்தார். சுகிர்தா வேண்டாம் என்றாள். களைப்பு என்று பின்சீட்டில் அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். அவள் நெற்றி ஈரமாக இருந்தது. வெயிலில் ஆடியவளுக்கு வேர்க்காமல் என்ன செய்யும் என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சிவகாசிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தண்ணீர் கேட்டாள். தலையைத் தூக்க முடியவில்லை. அண்ணாந்து ஊற்றினால் புரையேறும். சொர்ணலட்சுமி தன் பாட்டிலைத் திறந்து, தானே பிள்ளையின் உதட்டில் வைத்துப் பிடித்தாள். இரண்டு வாய் உள்ளே போயிற்று. மிச்சம் கன்னத்தில் வழிந்தது. பிள்ளையின் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரியில் இராமகிருஷ்ணன்தான் பேசினார். தோளில் அடி, பிசகியிருக்கும் போல, மயங்கிக் கிடக்கிறாள் என்றார். டாக்டர் தோளைத் தொடவே இல்லை. கண் இமையை விலக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருந்தது. சமீபத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

"பொன்னுக்கு வீங்கி வந்துச்சு சார். நகை போட்டோம், வத்திருச்சு," என்றார் இராமகிருஷ்ணன்.

"இல்ல," என்றாள் சொர்ணலட்சுமி.

மாதம் முழுக்க அடைத்துக் கிடந்த வாய் இப்போது திறந்துகொண்டது. விருதுநகர் டாக்டர் சொன்ன காய்ச்சலின் பெயர், எச்சில், முத்தம், மண்ணீரல், பழுத்த தக்காளி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் பாதியிலேயே நர்சைக் கூப்பிட்டு ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் சொல்லிவிட்டார். வலி எந்தத் தோளில் என்று கேட்டார். இடது தோள் என்றாள். வயிற்றுக்குள் ரத்தம் கட்டினால் இடது தோளில்தான் வலி தெரியும், அது தோள் வலியே இல்லை என்று ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்சானா, டீச்சரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். சொர்ணலட்சுமியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"வயிறும் வலிக்குதுன்னா ஆன்ட்டி. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா இனி விளையாடவே விட மாட்டீகளாம்."

சொர்ணலட்சுமி அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தாள். திட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ரத்தம் கொடுக்க பிரஸ் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், ரய்யானும் நின்றான். வரிசை நகரவில்லை. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தபோது, இராமகிருஷ்ணன் மனைவியின் பக்கத்தில் வந்தார். அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தது. அடிப்பார் என்று நினைத்தாள். அடிக்கட்டும் என்றுதான் நின்றாள்.

"சொர்ணம்," என்றார் மெதுவாக. "அந்தக் காய்ச்சல் விஷயத்த வெளிய யாருகிட்டயும் சொல்லிராத. விளையாட்டுல அடிபட்டதாவே இருக்கட்டும். போன பிள்ளைக்குப் பேரு கெட்டுரக் கூடாது."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். சொர்ணலட்சுமி சரி என்றாள்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரித்து, துட்டி கேட்க டீம் பிள்ளைகள் அம்மாக்களோடு வந்தார்கள். வீடு நிறையப் பெண்கள். விளையாட்டில் அடிபட்டு இப்படியா, கண் பட்டுவிட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். சொர்ணலட்சுமி சுவரில் சாய்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனி வீட்டம்மா குருவம்மாள் தன் மகள் தங்கத்தாயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வேப்பமரத்தடியில் பாட்டிலைச் சுகிர்தாவிடமிருந்து வாங்கிக் குடித்தவள் அந்தப் பிள்ளை. அது ஒரு துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தது. துண்டுக்கு மேலே, காதுக்குக் கீழே, மஞ்சள் பூசிய வீக்கம் தெரிந்தது. சாத்தூர் மேட்ச்சில் தொற்றியது இத்தனை சீக்கிரம் வராது, எத்தனை நாள் எத்தனை பாட்டிலோ என்று சொர்ணலட்சுமிக்கு ஓடியது.

"ஒண்ணுமில்ல, பொன்னுக்கு வீங்கி," என்றாள் குருவம்மாள், இவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "அடுத்த வாரம் மாவட்ட மேட்ச்சுக்குள்ள வத்திரும். சுகிர்தா இடத்துல இனி இவதான் பாடிப் போகணுமாம்."

வாசலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த இராமகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். சொர்ணலட்சுமி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அது பொன்னுக்கு வீங்கி இல்ல மதினி. எச்சில்ல வர்ற காய்ச்சல். எம்பிள்ளைக்கும் அதான். வயித்துக்குள்ள மண்ணீரல் வீங்கியிருக்கும், ஒரு அடி பட்டாப் போதும். எனக்கு டாக்டர் சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லாமத்தான் எம்பிள்ளையக் கொன்னேன். இவள ரெண்டு மாசத்துக்கு ஓட விடாதீக. நாளைக்கே டாக்டர்கிட்டக் காட்டுங்க."

எச்சில் என்றால் எப்படி என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள். சொர்ணலட்சுமி ஒன்றையும் ஒளிக்கவில்லை. முத்தம் கொடுத்தாலும் வரும், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தாலும் வரும், நம்ம பிள்ளைகளுக்குத் தண்ணீரில்தான் வந்தது என்றாள்.

குருவம்மாளின் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பேச்சில் எந்தச் சொல் அவள் காதில் ஏறியது, எந்தச் சொல் வெளியிலேயே நின்றுவிட்டது என்று சொர்ணலட்சுமியை விட யாருக்குத் தெரியும்?

"எந்திரிட்டி," என்றாள் குருவம்மாள் மகளிடம். "பிள்ளையப் பறிகொடுத்தவளாச்சேன்னு வந்தா, எம்பிள்ளையப் பத்தி நாலு பேரு முன்னால என்ன பேசுறீக? எங்க வீட்டுல நாங்க அப்படி வளக்கல."

"நானும் அப்படித்தான் மதினி வளத்தேன்."

குருவம்மாள் நிற்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

உள்ளே போ என்று இராமகிருஷ்ணன் அதட்டினார். துட்டி வீட்டுப் பொம்பளை பதினாறாம் நாள் கழியாமல் தெருவில் இறங்கக் கூடாது என்று இரண்டு மூன்று பேர் கையைப் பிடித்தார்கள். சொர்ணலட்சுமி உதறிவிட்டாள். செருப்பில்லாமல், அவிழ்ந்த கொண்டையோடு, கார் போன வழியில் நடந்தாள். பின்னால் அப்சானா மட்டும் ஓடி வந்து கூடச் சேர்ந்துகொண்டாள். மேலரத வீதி தாண்டி, பெரிய கேட் போட்ட குருவம்மாள் வீட்டின் முன்னால் போய் நின்றபோது கேட்டை உள்பக்கமாகப் பூட்டியிருந்தார்கள். மாடி ஜன்னலில் ஓர் ஆள் நிழல் தெரிந்து மறைந்தது. சொர்ணலட்சுமி கேட்டைத் தட்டினாள். யாரும் வரவில்லை. அவள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.